பினாங்கு மாப்பிள்ளையும் பதினோராம் கேள்வியும்

ஒரு வீட்டுக்குள் நுழைந்து, "உங்கள் மகன் மாதம் எவ்வளவு அனுப்புகிறான்?" என்று கேட்கும் துணிச்சல் இரண்டு பேருக்குத்தான் உண்டு. ஒருவர் பெண் கொடுக்கப் போகிறவர். இன்னொருவர் வரி போடப் போகிறவர். நான் இரண்டும் இல்லை. ஆனால் மைசூரில் இரண்டு பேராகவும் நினைக்கப்பட்டு, இரண்டுக்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, கோயம்புத்தூர் ஓட்டலில் மேசை துடைத்து, லாரி கிளீனராக ஊர் ஊராகச் சுற்றி, கடைசியில் மைசூரில் இறங்கியிருந்தேன். வெளிநாடு போனவர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணத்தைப் பற்றி அப்போது நாடு முழுக்க வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். தமிழும் கன்னடமும் பேசத் தெரிந்த, நடக்கக் கால் உள்ள ஆள் வேண்டும் என்றார்கள். கால் இருந்தது. (செருப்பு இல்லை. அதை யாரும் கேட்கவில்லை.) தற்காலிக வேலைதான். ஆனாலும் அரசாங்கம் ஒரு தோல்பையைத் தோளில் மாட்டியதும் என் நடையே மாறிவிட்டது.

முதல் சில நாட்கள் "சர்க்கார்" என்றேன், கதவைச் சாத்தினார்கள். "பணம்" என்றேன், தாழ்ப்பாளும் போட்டார்கள். மலேயாவில் மகன் இருப்பதைத் தெருவெல்லாம் சொல்லித் திரிந்த ஒருவர், தனக்குப் பிள்ளையே பிறக்கவில்லை என்று என்னிடம் சாதித்தார். அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. (அது வேலை செய்யும்போதெல்லாம் எனக்கு ஆபத்துதான்.) இனி சர்க்கார் என்று வாயே திறக்கக்கூடாது, உறவுக்காரன்போல நலம் விசாரித்து ஆரம்பிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். ஒரு கோட்டு இரவல் வாங்கி, பையை அதற்குள் மறைத்துக்கொண்டு, தெருக்காரர்கள் காட்டிய சவரியம்மா வீட்டுக்குப் போனேன். ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்து ஒற்றை ஆளாக மகனை வளர்த்தவர் அவர். மகன் அருள் பினாங்கில் கம்பவுண்டர்.

"வணக்கம்மா. உங்க மகன் அருளைப் பத்தி நாலு விஷயம் தெரிஞ்சிக்கலாம்னு வந்தேன்."

அந்த அம்மாளின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! "வாங்க, வாங்க! இன்னிக்கு வருவீங்கன்னு தெரியும்." பக்கத்து வீட்டைப் பார்த்து, "டீச்சரக்கா, வந்துட்டாங்க! பேகா வாங்க, சீக்கிரம்!" என்று குரல் கொடுத்தார். நாற்காலி வந்தது. காபி வந்தது. தட்டு நிறைய நிப்பட்டு வந்தது. (நம்ம தட்டைதான்.) காலையிலிருந்து வெறும் வயிறு. கணக்கெடுப்புக்கு இவ்வளவு மரியாதையா என்று பெருமையோடு கடித்தேன்.

கோலார் தங்கவயலிலிருந்து பெண் வீட்டார், பையனைப் பற்றி விசாரிக்க அன்று ஓர் ஆளை அனுப்புவதாக இருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

படிவத்தை மட்டும் வெளியே எடுத்து ஆரம்பித்தேன். "மாசம் எவ்வளவு அனுப்புறார்?"

"நூறு ரூபா!"

"நூத்தம்பது சவரி, மறந்துட்டியா?" என்றார் டீச்சர்.

"ஹௌது, ஆமா, நூத்தம்பது. எழுதிக்குங்க."

"அதை எப்படிச் செலவு பண்றீங்க?"

"செலவா? ஒரு பைசா தொடறதில்ல. எல்லாம் வரப்போற மருமகளுக்கு."

'சேமிப்பு' என்று எழுதினேன். "எழுதியே வச்சிக்கிறாங்க, பொறுப்பான குடும்பம்" என்று டீச்சர் கிசுகிசுத்தார். அடுத்தது பதினோராம் கேள்வி. அச்சில் இருந்ததை அப்படியே பேச்சாக்கினேன்.

"அங்க அவருக்குக் குடும்பம் ஏதாவது இருக்கா? அதுக்கு மாசம் எவ்வளவு ஆகுது?"

சவரியம்மா தட்டை என் முன்னாலிருந்து பிடுங்கிக்கொண்டார். "யாரைப் பாத்து என்ன கேட்டே? ஞாயித்துக்கிழமை பூசை தவறாத என் பிள்ளைக்குப் பினாங்குல குடும்பமா?"

"நாற்காலிய விட்டு எழுந்திருய்யா முதல்ல!" என்றார் டீச்சர்.

எழுந்தேன். அப்போதுதான் வாசலில் குடையோடு நின்ற பெரியவரைப் பார்த்தேன். பெண்ணின் தாய்மாமன். பினாங்கில் குடும்பம் என்ற பேச்சு அவர் காதில் நன்றாகவே விழுந்திருந்தது. குடையை விரித்துத் திரும்பி நடந்தார்.

"ஐயோ, போறாரே! தங்கவயல்காரர் அவருதானா?" சவரியம்மாவின் குரல் உடைந்தது. "அப்போ நீ யாருடா?"

பதில் சொல்ல நேரமில்லை. தெருவில் ஓடிப்போய் அவரை மறித்து, கோட்டுக்குள்ளிருந்த பையைக் காட்டி, கையிலிருந்த படிவத்தை நீட்டினேன். "ஐயா, நான் சர்க்கார் ஆளு. இது எல்லா வீட்டுலயும் கேக்குற கேள்வி. அச்சுல இருக்கு பாருங்க."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேள்வியைப் படித்தார். மேலே எழுதியிருந்த பதில்களையும் படித்தார். "நூத்தம்பதா! சர்க்காருக்கே சொல்லியிருக்காங்கன்னா நெசமாத்தான் இருக்கும்" என்று திரும்பி வந்து உட்கார்ந்தார்.

நான் மூச்சு விட்டேன். சவரியம்மா விடவில்லை. "அந்தத் தொகைய அடிச்சிடு தம்பி."

டீச்சர் அவர் புடவையைப் பிடித்து இழுத்தார். அவர் கேட்கவில்லை. "வாயால பெருமை பேசறது வேற, அக்கா. இந்தக் காயிதத்த நம்பி இவரு பொண்ணக் குடுக்கறாரு." பெரியவரை நேராகப் பார்த்துச் சொன்னார். "மாசம் முப்பது வரும். சில மாசம் அதுவும் வராது. போன வருஷம் அவன் காய்ச்சல்ல படுத்தப்ப, ரெண்டு டூட்டி பாத்து நான்தான் இங்கிருந்து கப்பல்ல போற ஆள்கிட்ட பணம் குடுத்தனுப்பினேன். நீங்க எந்திரிச்சுப் போனாலும் சரி."

நான் பேனாவோடு விழித்தேன். வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்குக் கட்டம் இருந்தது. மைசூர் ஆயா ஒருத்தி பினாங்குக்கு அனுப்பிய பணத்துக்குக் கட்டமே இல்லை. ஓரத்தில் எழுதினேன். இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினேன்.

பெரியவர் நிப்பட்டுத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "பிள்ளை என்ன சம்பாதிக்கிறான்னு பாக்க வந்தேன். பிள்ளைக்கே சம்பாதிச்சு அனுப்புற மாமியார் எங்க பொண்ணுக்கு வேற எங்கம்மா கிடைப்பாங்க?"

எங்கள் மேலதிகாரிக்கு இதில் எதுவும் பிடிக்கவில்லை. "ஓரத்துல கதை எழுதச் சொன்னது யாருப்பா?" என்று பையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். வேலை போவது எனக்குப் பழக்கம்தான். அதற்குப் பிறகும் எத்தனையோ பிழைப்பு பார்த்தேன். ஆனால் நான் பேனா பிடித்து எழுதியதில் இன்றைக்கும் நெஞ்சை நிமிர்த்தச் செய்வது அந்த ஓரத்து வரிகள்தான். தையில் நடந்த கல்யாணத்தில், மாப்பிள்ளை பக்கம் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். (கோட்டு இரவல்தான்.)

அந்தக் குடும்பத்தில் எந்தச் சம்பந்தம் வந்தாலும் விசாரிக்க இன்றும் 'சர்வே மாமா'வைத்தான் அனுப்புகிறார்கள். அருளின் மகளுக்கு வரன் வந்தபோது அவளே என்னை வாசல்வரை வந்து வழியனுப்பினாள்.

"போய் அந்தப் பதினோராம் கேள்விய அப்படியே கேளுங்க மாமா. சிரிச்சிக்கிட்டே பதில் சொன்னா இடம் வேண்டாம். உங்கள அடிக்க வந்தாங்கன்னா, தேதி குறிச்சிட்டே வந்துடுங்க."