கை காட்டினால் நிற்கும் எம்.எல்.ஏ.

தமிழ்நாட்டில் இருநூற்று முப்பத்து நான்கு எம்.எல்.ஏ.க்கள் உண்டு. ரோட்டோரம் நின்று கை காட்டினால் காரை நிறுத்தி ஏற்றிக்கொண்டு போன ஒரே எம்.எல்.ஏ. எங்கள் 'ஸ்டாப்பிங்' அண்ணன்தான். எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். ஐந்து வருடம் அவருக்கு பி.ஏ.வாக இருந்து, யார் யாருடைய கோழியையோ மடியில் வைத்துக்கொண்டு பயணம் போனவன் நான்.

அரசியலுக்கு வருமுன் அவர் பதினெட்டு வருடம் திண்டிவனத்தில் மினி பஸ் ஓட்டினார். பஸ்ஸை விட்டார், பழக்கத்தை விடவில்லை. கண்ணெதிரே ஒரு கை உயர்ந்தால் அவர் கால் தானாக பிரேக்கைத் தேடும். மேடையில் முழங்கிக்கொண்டிருப்பார். கூட்டத்தில் எவனாவது சோம்பல் முறிக்கக் கையைத் தூக்கினால் பேச்சை நிறுத்திவிட்டு, "எங்க போவணும்?" என்பார். கட்சிக்காரர்கள் ஒன்றும் புரியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று கைதட்டுவார்கள். சட்டசபைக்குக் கிளம்பினால் கேட்கவே வேண்டாம். ஏற்றி இறக்கி நாங்கள் செங்கல்பட்டைத் தாண்டுவதற்குள் அங்கே கேள்வி நேரம் முடிந்திருக்கும்.

அடுத்த தேர்தல் நெருங்கியது. அண்ணனுக்கு மறுபடி சீட்டு உண்டா இல்லையா என்று முடிவு செய்யத் தலைமையிலிருந்து ஆட்கள் விழுப்புரம் வந்தார்கள். பதினோரு மணிக்கு நேர்காணல். மாவட்டச் செயலாளர் முந்தின நாளே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"யோவ் பி.ஏ., நாளைக்கும் லேட்டாச்சுன்னா சீட்டு இன்னொருத்தனுக்குப் போயிடும். அப்பறம் என்னாண்ட வந்து அழக்கூடாது."

நேர்காணலன்று காலை ஒன்பதரைக்கு, மயிலத்துக்கு உள்ளே ஒரு கிராமத்தில் புது பஸ் தொடக்க விழா. நாலு வருடம் அதிகாரிகளை நச்சரித்து அண்ணன் வாங்கிய பஸ். கொடியசைத்து, எல்லா எம்.எல்.ஏ.க்களும் செய்வதுபோல் நூறு அடி ஓட்டி, போட்டோ எடுத்துக்கொண்டு, காரில் ஏறினால் பத்தரைக்கே விழுப்புரம் போய்விடலாம். எனக்கு வாயெல்லாம் பல்.

அண்ணன் சால்வையைக் கழற்றி என்னிடம் எறிந்துவிட்டு, ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டு பஸ்ஸை எடுத்தார். நூறாவது அடியில் ஒழுங்காக பிரேக் போட்டார். அதுவரை சரி. அங்கே வயலிலிருந்து நேரே வந்த ஓர் அம்மாள், விழா நடப்பது எதுவும் தெரியாமல், மல்லாட்டை மூட்டையோடு, அதாவது நிலக்கடலை மூட்டையோடு, கை காட்டிக்கொண்டு நின்றார். ஏறினார். பஸ் கிளம்பிவிட்டது.

"அண்ணே! விழுப்புரம்ணே!"

"இருப்பா, அந்தம்மா ஏறிட்டாங்க இல்ல."

அப்புறம் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு கை. நிஜ டிரைவர் பயணி போல உட்கார்ந்து பேந்தப் பேந்த விழித்தார். பின்னால் எங்கள் காரும் அதிகாரிகளின் ஜீப்பும் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தன. "இன்னா அவசரம் இவனுங்களுக்கு?" என்று அண்ணன் வழியே விடவில்லை.

மூட்டைக்கார அம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது.

"டிரைவரே, ஜல்தி ஓட்டுய்யா. ஏலம் முடிஞ்சிரும். அங்கங்க நிறுத்திக்கினு பேஜாரு பண்ணாத."

"சரிங்கம்மா."

"இந்த ஒரு பஸ்ஸுக்கு நாயா அலைஞ்சோம். எம்.எல்.ஏ.ன்னு ஒருத்தன் இருக்கானே, எட்டிப் பாத்தானா?"

"அவன் சரியில்லிங்கம்மா," என்றார் அண்ணன், பணிவாக கியரை மாற்றிக்கொண்டே.

மயிலம் ஸ்டாப்பில் நான் அவர் காலில் விழாத குறை. விழுப்புரம் இருப்பது தெற்கே, பஸ் போவது வடக்கே திண்டிவனத்துக்கு. "அண்ணே, இங்க எறங்கிக் கார்ல ஏறுனாக்கூட நேரத்துக்குப் போயிடலாம். டிரைவரு சும்மாதான் உக்காந்துக்கினு இருக்காரு. சீட்டு போயிடும்ணே!"

என்னைத் திரும்பிப் பார்த்தார். "எனக்குத் தெரியாதாப்பா? எனக்கும் ஆசைதான். ஆனா ஏத்துன ஜனத்த நடு வழில உட்டுட்டு எறங்கிப் பழக்கமில்ல. ஒரு நாள் கூட இல்ல." முகத்தைத் துடைத்துக்கொண்டு கியரைப் போட்டார். எனக்கு வந்த கோபத்தில் சால்வையைக் கடித்தேன்.

திண்டிவனத்தில் எல்லோரையும் இறக்கிவிட்டு, காரில் விழுப்புரம் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. வழியில் இரண்டு பேரை ஏற்றியதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே சீட்டு வாங்கியவருக்குப் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது. மாவட்டச் செயலாளர் திட்டியதைப் பத்திரிகையில் எழுத முடியாது. அண்ணன் தலையைக் குனிந்து முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

திரும்பும்போது அண்ணன் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். விக்கிரவாண்டி தாண்டியதும் மெதுவாகக் கேட்டார்.

"அந்தம்மா மூட்டைய எறக்க யாராச்சும் ஒத்தாசை பண்ணாங்களா?"

"நான்தாண்ணே எறக்குனேன்."

"அப்ப சரி," என்று சாய்ந்து தூங்கிவிட்டார்.

அவருக்குப் பிறகு இரண்டு எம்.எல்.ஏ.க்களிடம் வேலை பார்த்துவிட்டேன். நல்லவர்கள். எல்லா இடத்துக்கும் நேரத்துக்குப் போனார்கள். இருவரையும் 'சார்' என்றுதான் கூப்பிட்டேன். அண்ணே என்று கூப்பிட மனசு வரவில்லை.