செம்புத் தகடும் ஆய்வு அண்ணனும்

சிவகாசி வட்டாரத்தில் பட்டாசு மருந்துக்குப் பயந்தவர்கள் எல்லோருடைய பயத்தையும் ஒரு தட்டில் வையுங்கள். ஆய்வு அண்ணனுக்கு நான் பயந்த பயத்தை மறு தட்டில் வையுங்கள். என் தட்டுதான் இறங்கும்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். சமயங்களை அவை பிறந்த காலத்தோடும் மண்ணோடும் வைத்துப் படிக்கிற முதுகலை வகுப்பில் நான் இருந்தேன். அவர் அதே துறையில் எம்.ஃபில். பெயரைச் சொன்னால் விடுதியில் யாருக்கும் தெரியாது. ‘ஆய்வு’ என்றால் சமையல்காரர்கூட ஒதுங்கிப்போவார். சாம்பாருக்கும் வரலாறு கேட்பாரோ என்ற பயம்.

ஆமத்தூர் கோயில் பொங்கலில், அருள் வந்து ஆடிக்கொண்டிருந்த சாமியாடியை மறித்து, “இப்ப பேசுறது நீங்களா, சாமியா?” என்று கேட்டார். அரிவாள் அவர் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது.

“ரெண்டு பேருக்குமே கோவம் வருதுலே, ஓடிரு!” என்றது சாமி.

நான் ஓடினேன். அவர் எழுதிக்கொண்டிருந்தார்.

அப்பேர்ப்பட்டவரை, நாரணாபுரம் பக்கம் என் தாய்மாமா போர்மேனாக இருந்த பட்டாசு ஆலைக்கு நானே கூட்டிப்போனேன். தொழிலாளர் வழிபாடு அவருடைய கடைசி இயல். அடுத்த வாரம் ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும்.

மருந்து கலக்கும் அறை. வாசலில் ஒரு செம்புத் தகடு. தொழிலாளர்கள் செருப்பைக் கழற்றி, தகட்டை இரு கையாலும் தொட்டு, பேச்சில்லாமல் உள்ளே போகிறார்கள். அண்ணன் எழுதியதை எட்டிப் பார்த்தேன்: ‘தாய்த்தெய்வ வழிபாட்டின் எச்சம்.’

“சார், கிட்ட வர்றதுன்னா தகட்டைத் தொட்டுட்டு வாங்க. உடம்புல இருக்குற கரண்டு மண்ணுக்கு இறங்கணும்” என்றார் மாமா.

அதையும் எழுதினார்: ‘சடங்குக்குப் பிற்காலத்தில் சொல்லப்படும் அறிவியல் விளக்கம்.’

பிறகு, நைலான் சட்டை சரசரக்க, வாசற்படியில் ஒரு காலை வைத்தார். “நான் பார்வையாளன். சடங்குல கலந்துக்கிட்டா ஆய்வு செல்லாது.”

உள்ளே அலுமினியப் பொடி சலித்துக்கொண்டிருந்த இருவரின் சல்லடைகள் நின்றன. வெயில்கூட நின்றதுபோல் இருந்தது. மாமா கத்தவில்லை, கத்தியிருந்தால் பயம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

“அங்கனயே நில்லுங்க சார்... அசையாதீக” என்றார், தூங்கும் குழந்தையிடம் பேசுவதுபோல.

“அண்ணே” என்றேன். “அது சாமி இல்லண்ணே. உள்ள ரெண்டு பேரு இருக்காக.”

முதன்முறையாகத் தாளிலிருந்து தலை நிமிர்த்தி, அந்த இரண்டு முகங்களையும் பார்த்தார். காலை மெல்லப் பின்னுக்கு எடுத்தார். தகட்டை நோக்கி விரலை நீட்டினார். நுனியில் ‘சட்’டென்று ஒரு பொறி. எறும்புக் கடி அளவுதான்.

தூரத்து வேப்பமரம் வரை நடந்துபோய் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். மாமா கொடுத்த தண்ணீரில் பாதி சட்டையில் போனது.

“என்ன சார், சாமி கடிச்சிருச்சா?” என்று சிரித்தார் மாமா. மிச்சத் தண்ணீரை ஒரே மூச்சில் அவரே குடித்து முடித்தார்.

அந்த இயலை அண்ணன் கிழித்துப்போட்டார். பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போனது. புதிதாக எழுதிய ஆய்வேட்டின் நன்றியுரையில், பேராசிரியர்களுக்கெல்லாம் முன்னால் இரண்டு பெயர்கள் இருந்தன. மருந்து சலித்தவர்கள். போர்மேனின் மருமகன் நான், அவர்களிடம் ஒருநாளும் பெயர் கேட்டதில்லை. அண்ணன் தனியாக பஸ் ஏறிப்போய்க் கேட்டு வந்திருக்கிறார்.