தொடாமல் வாசித்த முள்ளம்பன்றி

ஒரு காட்டில் சங்கீதப் பைத்தியம் பிடித்த முள்ளம்பன்றி ஒன்று இருந்தது. பேர் கூர்வேலன். ஆசை இருந்து என்ன செய்ய? மத்தளத்தைத் தூக்கினால் தோல் கிழிந்தது. வீணையைத் தொட்டால் தந்தி அறுந்தது. காட்டு சங்கீத சபையில், "நீ இந்தப் பக்கமே வராதே" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்கள். சாவதற்குள் ஒரு தடவையாவது மேடையேறிவிட வேண்டும் என்று அதற்கு அப்படி ஒரு ஏக்கம், பாவம்.

சுற்றுலா வந்தவர்கள் வீசிவிட்டுப் போன ரேடியோ, செல்போன் எல்லாவற்றையும் பிரித்துப்போட்டு அது ஒரு தெரமின் செய்தது. தெரமின் என்றால் தொடாமலே வாசிக்கிற வாத்தியம். ஒரு கம்பி நிற்கும். கையைக் கிட்டே கொண்டுபோனால் சுருதி ஏறும், விலக்கினால் இறங்கும். கை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று உள்ளே ஒரு சிப் கணக்குப் போடும். முள்ளம்பன்றிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஒரே ஒரு தொல்லை. ரோமத்தில் ஏறுகிற மின்சாரம் பொறியாகப் பட்டால் போதும், சிப்பின் ஆயுசு முடிந்தது. காட்டில் யாருக்குத்தான் ரோமம் இல்லை? கூர்வேலன் சிப்பை பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்து மூடியது. ஈர மண்ணில் ஓர் இரும்பு முளை அடித்தது. "கிட்ட வர்றவங்க முதல்ல இந்த முளையைத் தொட்டுட்டு வாங்க. உடம்புல இருக்கிற கரண்ட் மண்ணுக்குப் போயிடும்" என்றது. கரடி முதல் முயல் வரை வரிசையில் நின்று தொட்டன. முயல் பயத்தில் இரண்டு தடவை தொட்டது.

சபைச் செயலாளர் நரி மனமிரங்கி ஆண்டு விழாவில் இடம் கொடுத்தது. தலைமை விருந்தினர் சிங்கம். பங்குனி வெயில், காற்றில் சொட்டு ஈரமில்லை. பொன்னாடை போர்த்த ஆரம்பித்தார்கள். கூர்வேலனுக்குப் போர்த்தினால் கிழிந்துவிடும் என்று அதன் பங்கும் சிங்கத்துக்கே போனது. எல்லாம் பளபளக்கிற நைலான். போர்த்துவதும் உருவுவதுமாக ஒவ்வொரு சங்கமும் வந்து போக, ராஜாவின் பிடரி மயிர் குத்திட்டு நின்றது. பார்த்தவர்கள் கம்பீரம் என்றார்கள். அவ்வளவும் மின்சாரம் என்று கூர்வேலன் டப்பா மூடியை இன்னொரு தடவை அழுத்தி மூடியது.

"இப்போது மகாராஜா வாத்தியத்தைத் தொட்டுத் தொடங்கி வைப்பார்" என்றது நரி.

"ஐயா, அது தொடக்கூடாத வாத்தியம்" என்றது கூர்வேலன். "தொட்டே ஆகணும்னா, முதல்ல முளையைத் தொடச் சொல்லுங்க."

"முளைகிட்டப் போக ராஜா என்னய்யா எருமை மாடா? சும்மா இரு."

சிங்கம் கம்பியில் கை வைத்தது. பட்டென்று ஒரு பொறி. டப்பாவுக்குள் சிப் செத்தது. சிங்கத்தின் தொண்டையிலிருந்து "ஈஈஈ" என்று ஒரு சத்தம் வந்தது, காடு அதுவரை கேட்டிராத உச்ச ஸ்தாயியில்.

கடைசிப் பொன்னாடை ராஜாவின் வாயை மறைத்திருந்ததால், வாத்தியம்தான் பாடியது என்று சபை எழுந்து நின்று கைதட்டியது. அலறியது நான்தான் என்று எந்த ராஜா ஒத்துக்கொள்வார்? சிங்கம் கமுக்கமாக உட்கார்ந்துவிட்டது.

"இனி கச்சேரி" என்றது நரி.

கூர்வேலனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பட்ட பாடெல்லாம் பாழாய்ப் போச்சே. ராஜாவிடம் மன்னிப்பாவது கேட்கலாம் என்று நகர்ந்தது. முட்கள் மூக்குப் பக்கம் வர வர, சிங்கம் மெல்ல முனகியது. இன்னும் கிட்டே போனால் முனகல் ஏறியது. பின்வாங்கினால் இறங்கியது.

கூர்வேலன் கண்ணைத் துடைத்துக்கொண்டது. தொடாமலே சுருதி ஏறுகிறது, இறங்குகிறது. அப்புறமென்ன?

மோகனத்தில் ஆரம்பித்து மங்களம் வரை வாசித்துத் தள்ளியது. வேறு விழாவுக்குப் போகணும் என்று நழுவ சிங்கத்துக்கு வழியில்லை. வழியில் முள் இருந்தது. சபையே உருகிப்போய், கூர்வேலனுக்கு வருஷா வருஷம் கச்சேரி என்று தீர்மானம் போட்டது. "வாத்தியம் எங்க செஞ்சது?" என்று கரடி கேட்டதற்கு, "சொந்தமா செஞ்சது இல்லீங்க, விழாவுக்கு வந்தது" என்றது கூர்வேலன்.

நீதி: நுட்பமான கருவியை மேடையேற்றாதீர்கள், ஒரு பொறி பட்டால் போய்விடும். தலைமை விருந்தினரை வாசியுங்கள். அவருக்கு எர்த்தும் வேண்டாம், டப்பாவும் வேண்டாம்.