பதினோராம் ஆண்டாக வளர்ந்து வருபவர்

கலையை வாழ வைப்பவர்கள் கலைஞர்கள் என்று உலகத்தில் நெடுங்காலமாக ஒரு வதந்தி உலவி வருகிறது. உண்மையில் கலையை வாழ வைப்பவர்கள் விமரிசகர்கள். அந்தப் பாரத்தை ஒரு வார இதழின் கடைசிக்கு முந்தைய பக்கத்தில், கண் மருத்துவமனை விளம்பரத்துக்கு நேர் மேலே, தன்னந்தனியாகச் சுமந்து வருபவன் நான்.

என் பலம் நடுநிலைமை. படத்தைப் பார்த்தால் அது பிடித்துவிடும், அல்லது பிடிக்காமல் போய்விடும். இரண்டுமே நடுநிலைமைக்குக் கேடு. ஆகவே நான் படங்களைப் பார்ப்பதில்லை. கண்காட்சிகளுக்குத் தவறாமல் போவேன். பிஸ்கட் தட்டு வைத்த மேசையருகே நின்று, கலை வரலாறு கற்பிக்கும் ஒரு பேராசிரியரோடு 'கலையின் இன்றைய நிலை' பற்றி விவாதிப்பேன். கலையின் இன்றைய நிலை பெரும்பாலும் க்ரீம் பிஸ்கட்டாக இருக்கும். என் மனைவி என் பையைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி வருவாள். திரும்பும்போது பேருந்தில் அவளிடம் கேட்டுக்கொள்வேன்.

"என்ன இருந்துச்சு?"

"ஆஸ்பத்திரி வராந்தா ஒண்ணு. காலி நாற்காலியா இருக்கு, அது ஃபோட்டோ. அதுல ஒரே ஒரு நாற்காலியில மட்டும் ஒரு அம்மாவை பெயிண்ட்ல வரைஞ்சிருக்காங்க. மடியில குடை. குடையை இறுக்கிப் புடிச்சிருக்கா பாருங்க, உள்ள யாருக்கோ ஆபரேஷன் போல. எனக்கு அங்கேருந்து நகரவே மனசு வரல."

மறுவாரம் அச்சில் இப்படி வரும்: 'வெறுமைக்கும் இருப்புக்கும் இடையேயான முரண்வெளியைக் கேள்விக்குட்படுத்தும் முயற்சி. வளர்ந்து வரும் இக்கலைஞர் கவனிக்கத்தக்கவர்.'

அந்தப் பெண் கலைஞரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். ஓவியரும் அவரே, புகைப்படக்காரரும் அவரே. ஆள் எழுந்து போன இடங்களைப் புகைப்படம் எடுப்பார். பிறகு அங்கே இருந்துவிட்டுப் போனவரை அதன்மேல் வண்ணத்தில் வரைவார். பத்து ஆண்டுகளில் பத்துக் கண்காட்சிகள், எல்லாமே கலை வளர்ச்சிக் கழகத்தின் சிற்றரங்கில், மாடிப்படிக்கு அடியில். பத்துக்கும் நான்தான் மதிப்புரை. பத்திலும் அவர் 'வளர்ந்து வரும்' கலைஞர். இது எவ்வளவு பத்திரமான தொடர் என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். நாளை அவர் பேர் வாங்கினால் 'அன்றே சொன்னேன்' எனலாம். காணாமல் போனால், 'வளர்ந்துவிட்டார் என்று நான் எப்போதய்யா சொன்னேன்?' எனலாம்.

ஒவ்வொரு மதிப்புரையோடும் கழகத்துக்கு ஒரு படிவமும் அனுப்ப வேண்டும். அதன் கடைசிக் கேள்வி: 'மதிப்பிட்டவர் படைப்புகளை நேரில் பார்த்தாரா?' நான் ஒவ்வொரு முறையும் 'ஆம்' என்று எழுதியிருக்கிறேன். படங்களும் நானும் ஒரே அறையில்தானே இருந்தோம்.

போன மாதம் அவர் என் அலுவலகத்துக்கு வந்தார். விரல் நகங்களில் நீலம். உட்காரக்கூட இல்லை.

"சார், இந்தத் தடவை ஒரே ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துடுங்க."

"எந்த வார்த்தை?"

"வளர்ந்து வரும்."

"அது ரெண்டு வார்த்தைம்மா."

"ரெண்டையும் எடுத்துடுங்க சார். சிற்றரங்கு நாப்பத்தஞ்சு வயசு வரைக்கும்தான். எனக்கு அடுத்த மாசம் நாப்பத்தாறு. பேரரங்கு வளர்ந்தவங்களுக்கு மட்டும்தான் தருவாங்களாம். நீங்க இன்னொரு தடவை 'வளர்ந்து வரும்'னு எழுதினா எனக்கு ரெண்டு கதவையும் சாத்திடுவாங்க. அப்புறம் எங்க மாட்டுறது? என் வீட்டு ஹால்ல ஏற்கெனவே நடக்க வழியில்ல. எங்க வீட்டுக்காரர் சோபாவுக்கு சுத்திக்கிட்டுப் போறார்."

"அந்தத் தொடரை எடுத்தா என் வாக்கியம் சாஞ்சுடுமேம்மா."

"வந்து படத்தைப் பாருங்க சார். பாத்துட்டு மனசுல தோணுறதை எழுதுங்க."

"தோணுறதை எழுத விமரிசகர் எதுக்கும்மா?" என்றேன், மிகுந்த கனிவோடு. அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என்னை அவ்வளவு நேரம் யாரும் பார்த்ததில்லை. போய்விட்டார்.

பேரரங்கு கேட்டு அவர் போட்ட மனு கழகத்தின் 'வளர்ச்சி நிர்ணயக் குழு'வின் முன் வந்தது. குழுவில் மூன்று பேர்: நான், பேராசிரியர், படங்களுக்குச் சட்டம் போடும் கடைக்காரர். படத்தின் நான்கு ஓரங்களையும் கடைக்காரர் அளவுக்கு அறிந்தவர் எங்கள் வட்டாரத்தில் இல்லை.

"வளர்ந்துட்டார்ங்கிறதுக்கு ஆதாரம்?" என்றார் பேராசிரியர்.

கோப்பைப் புரட்டினோம். "பத்து மதிப்புரை இருக்கு. பத்துலயும் 'வளர்ந்து வரும்'னு போட்டிருக்கு," என்றேன்.

"யார் எழுதினது?"

"நான்தான்."

"நம்பகமானவர்," என்று பேராசிரியர் குறித்துக்கொண்டார்.

கடைக்காரர் தொண்டையைக் கனைத்தார். "முதல் வருஷம் ரெண்டடிச் சட்டம் வாங்கிட்டுப் போனாங்க. இப்ப நாலடி வாங்குறாங்க. வளர்ச்சி இல்லையா இது?"

"அப்ப இன்னும் வளருதுன்னுதானே அர்த்தம்?" என்றார் பேராசிரியர். இந்த வாதத்தின் ஆழத்தில் மூவரும் மூழ்கி எழுந்தோம். முடிவில், நிராகரிப்பதற்கு முன் ஒருமுறை 'நேரடி ஆய்வு' செய்துவிடுவது என்று தீர்மானமானது. நிராகரிப்பை முறையாகச் செய்ய வேண்டுமல்லவா?

பதினோராவது கண்காட்சிக்குப் போனோம். என் மனைவியும் பையோடு வந்தாள். உள்ளே நுழைந்ததும் வழக்கம்போல் மேசையைத் தேடினேன். பிஸ்கட் தட்டு இல்லை. தட்டு மட்டுமல்ல, மேசையே இல்லை. ஒரு விமரிசகன் எங்கே போய் நிற்பான்? கைகளை எங்கே வைத்துக்கொள்வான்? நிற்க இடமில்லாமல் சுவர் பக்கம் திரும்பினேன். இருபத்திரண்டு ஆண்டுத் தொழில் வாழ்க்கையில் முதன்முறையாகப் படங்களைப் பார்க்கும் இக்கட்டு நேர்ந்தது.

பத்துப் படங்கள். ஒவ்வொரு கண்காட்சியிலும் தன் படங்களுக்கு நடுவே சுவரில் ஒரு சின்னக் கேமராவைப் பொருத்தி, அந்தப் படங்கள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தனவோ அதைப் புகைப்படமாக எடுத்திருக்கிறார். பத்திலும் அதே சிற்றரங்கு. பத்திலும் முதுகுகள், கறுப்பு வெள்ளையில்.

"பிரமாதம்," என்றார் பேராசிரியர். "இது சமூகத்தோட முதுகு. ஆழமான குறியீடு."

"ஐயா, அந்தக் கோடு போட்ட சட்டை உங்களோடது," என்றார் கடைக்காரர்.

"சட்டையாப் பார்க்கக் கூடாது. அது சட்டைங்கிற கருத்து."

"இன்னிக்கும் அதைத்தான் போட்டிருக்கீங்க."

நான் மூன்றாவது முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் உச்சியில் ஒரு வழுக்கை. முதல் ஆண்டில் சட்டைப் பொத்தான் அளவு. ஐந்தாம் ஆண்டில் க்ரீம் பிஸ்கட். பத்தாம் ஆண்டில் ஏறக்குறைய பிஸ்கட் தட்டு. யாரென்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

முதுகுகளுக்குப் பின்னால், ஒவ்வொரு படத்திலும், ஒரே ஒரு முகம். அது மட்டும் வண்ணத்தில் வரையப்பட்டிருந்தது. தோளில் பை, தலையை லேசாகச் சாய்த்து, நேராகப் படத்தைப் பார்த்தபடி என் மனைவி. பத்து ஆண்டுகள். முடி நரைத்தது, கண்ணாடி வந்தது, கண்ணாடியின் தடிமன் கூடியது. எனக்குத் தெரியாமல் இதெல்லாம் நடந்திருக்கிறது.

"ஏம்மா என்னை மட்டும் கலர்ல போட்டிருக்கே?" என்றாள் மனைவி.

"பாத்தவங்களை மட்டும்தான் வரைஞ்சேன்க்கா," என்றார் ஓவியர்.

மனைவி ஏழாவது படத்தின் முன் நின்றாள். "இதுல கண்ணு கலங்கியிருக்கு. அந்தக் குடை அம்மா வருஷம்தானே இது?" பிறகு கிட்டப் போய்ப் பார்த்தாள். "மூக்குதான் கொஞ்சம் பெருசா வந்துடுச்சு."

"மூக்கு சரியாத்தான் இருக்கு," என்றேன். அறையில் நான் சொன்ன முதல் கலை விமரிசனம் அது.

குழு அங்கேயே நின்றபடி கூடியது. "நாம இடம்பெற்ற ஒரு படைப்பு மாடிப்படிக்கு அடியில இருக்கறது நம்ம கௌரவத்துக்கு அழகா?" என்று கேட்டார் பேராசிரியர். அழகில்லை என்று ஏகமனதாக முடிவானது. ஓவியர் அந்த நிமிடமே முழுமையாக வளர்ந்துவிட்டார். பேரரங்கு அவருக்கு ஒதுக்கப்பட்டது. அவர் நன்றி சொல்லவில்லை. சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார், அவ்வளவுதான்.

திரும்பும்போது பேருந்தில் பையை நான் வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

"இவ்வளவு கனமா இருக்கே. என்ன இருக்கு இதுல?"

"நீங்க எழுதினதுதான். யாராவது கேட்டா காட்டணும்னு எடுத்துட்டு வரச் சொல்வீங்களே."

"யாராவது கேட்டாங்களா?"

"இல்ல," என்றாள். பிறகு, "இன்னிக்கு என்ன இருந்துச்சுன்னு நீங்க கேக்கலையே?"

"பாத்தேன்," என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், ஆனாலும் பழக்கம் போதவில்லை.

இரண்டு சொல்லையும் எடுத்துவிட்டு மதிப்புரையை முடித்தேன். வாக்கியம் சாயவில்லை. படிவத்தின் கடைசிக் கேள்வியில் 'ஆம்' என்று எழுதும்போது, இந்தத் தடவை அது உண்மை என்பதால், கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அதன் கீழே சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு இருப்பதையும் அன்றுதான் பார்த்தேன்: 'முந்தைய ஆண்டுகளின் பதில்களுக்குச் சான்று இருப்பின் தெரிவிக்கவும்.'

தெரிவித்துவிட்டேன். பத்து ஆண்டுகளுக்கும் சான்று உள்ளது. அடுத்த வாரம் முதல் பேரரங்கில், நாலடிச் சட்டத்தில், காலை பத்து மணி முதல் மாலை ஆறு மணி வரை காணலாம். அனுமதி இலவசம்.