ஹில்க்கா பக்கத்துச் சுவர்

கூஹ்மோ,
பிப்ரவரி 6, ஞாயிறு.

தம்பெரே நகரத்து அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாம் தளத்தைக் குறைவின்றி ஆண்டுவரும் என் அருமை மருமகன் ஒஸ்மோவுக்கு, கூஹ்மோ காட்டின் கடைசி வீட்டிலிருந்து உன் மாமா என்ஸியோ எழுதிக்கொண்டது. நானும் உன் அத்தை ஹில்க்காவும் உடம்புக்கு நலம். மற்ற விஷயங்களில் நலம் என்று எழுதக் கை கூசுகிறது. வெளியே மைனஸ் இருபத்தாறு. நேற்று வெப்பமானியிலிருந்த சிவப்புக் கோடு இறங்கி இறங்கி, கீழே போக வேறு இடமில்லாமல் வீட்டுக்குள் வந்துவிடட்டுமா என்று என்னைக் கேட்டது.

முதலில் ஒரு சந்தேகம். நான்கு வருஷத்துக்கு முன் உன் அப்பா, என் மச்சான் தௌனோ, ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் கிடந்தபோது உன்னிடம் சுவரைப் பற்றி ஏதாவது உளறினாரா? ஏன் கேட்கிறேன் என்றால், உன் அத்தையின் எழுபதாவது பிறந்தநாளுக்கு ஊரே காப்பிக் கோப்பையும் மேஜைவிரிப்புமாகக் கொண்டுவந்தபோது, நீ ஒருவன் மட்டும் ஒரு உறையை நீட்டினாய். பிரித்தால், வெப்பக் கேமராவோடு ஒரு பெண் வந்து, குளிர் எங்கே புகுகிறதென்று வீட்டுச் சுவர்களைப் படம் எடுப்பாளாம், செலவு உன்னுடையதாம். அதே மூச்சில், உன் கட்டடத்தின் இரண்டாம் தளத்தில் ஒரு வீடு காலியாக இருப்பதாகவும் சொன்னாய். நான் கிழவன்தான், ஆனால் இரண்டையும் கூட்டிப் பார்க்கத் தெரியாத கிழவன் இல்லை.

உனக்குத் தெரியாததல்ல, நாற்பத்து மூன்று குளிர்காலமாக உன் அத்தைக்கு ஒரே புகார். கட்டிலில் அவள் படுப்பது வெளிச்சுவரை ஒட்டி. அந்தப் பக்கம் குளிர்கிறதாம். உனக்கு ரத்த ஓட்டம் சரியில்லை என்று நாற்பத்து மூன்று வருஷமாக நானும் பொறுமையாக எடுத்துச் சொல்லிவருகிறேன். உன் உறையைப் படித்ததும் அவள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "சரிங்க. கேமரா என் பக்கத்துல ஒண்ணும் இல்லேன்னு காட்டுனா, நான் சாகுறவரைக்கும் குளிருதுன்னு வாயத் தெறக்க மாட்டேன். ஏதாவது இருந்துச்சுன்னா வீட்ட வித்துட்டு தம்பெரேக்குப் போறோம்." ஒவ்வொரு ஆணியும் நானே அடித்த வீடு, ஒஸ்மோ. கேமரா என்ன, பீரங்கியே வரட்டும் என்றேன்.

அந்தப் பெண்ணின் பெயர் ரீக்கா. வருவதற்கு முன்பே ஒரு கட்டளைப் பட்டியல் அனுப்பியிருந்தாள். மேஜை நாற்காலியைச் சுவரிலிருந்து நகர்த்தி வை, வீட்டுச் சூட்டைக் கூட்டாதே குறைக்காதே. எல்லாவற்றுக்கும் சிகரமாக, அன்றைக்கு சௌனாவை மூட்டாதே. வந்ததோ நேற்று, சனிக்கிழமை. சனிக்கிழமை சௌனா அறைக்குள் உட்கார்ந்து சுடச்சுட ஆவிக்குளியல் போடாமல் எங்களில் யாராவது ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்ததுண்டா? அப்போதே தெரிந்துபோயிற்று, இவள் நல்லதுக்கு வரவில்லை என்று.

நான் செய்ததை உனக்கு மட்டும் சொல்கிறேன். காலையில் உன் அத்தை ஏலக்காய் பன் சுட மாவு வாங்கக் கடைக்குப் போனாள். அவள் வண்டி வளைவைத் தாண்டியதும் சௌனா அடுப்பை மூட்டினேன். அதன் மேல் தண்ணீர் ஊற்றி ஆவி கிளப்பும் கற்கள் நன்றாகக் காய்ந்ததும் பன்னிரண்டைப் பொறுக்கி, அவளுடைய கம்பளிக் காலுறைகளில் ஒவ்வொன்றாகப் போட்டு, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே நெருக்கி அடுக்கினேன். சுவரைக் கொஞ்சம் கதகதப்பாக்கி வைப்பது ஏமாற்றா? விருந்தாளி வரும் வீட்டில் செய்கிற மரியாதை. உன் அத்தை திரும்பிவந்து சமையலறையில் பன் சுட்டுக்கொண்டிருக்க, ரீக்காவின் வண்டி முற்றத்தில் நின்றபோது கற்களை வாளியில் போட்டு ஜன்னல் வழியாகப் பனிக்குள் கவிழ்த்தேன். புகைந்த புகையில் பக்கத்து ஊரில் ரயிலே வந்துவிட்டதென்று நினைத்திருப்பார்கள்.

கேமரா என்பது ஒரு கைவிளக்கு அளவுதான். சூடு மஞ்சளாகத் தெரியும், குளிர் நீலம். முதலில் என்னைக் காட்டினாள்: முகமெல்லாம் மஞ்சள், மூக்கு மட்டும் கருநீலம். வாசல், ஜன்னல், கூரை மூலை எல்லாம் பார்த்துக்கொண்டே சௌனாவுக்குப் போனாள். அங்கேதான் சனி பிடித்தது. கேமராவைத் தாழ்த்திவிட்டு, "ஐயா, நான் ஆயிரம் வீடு பாத்திருப்பேன், இப்படி ஒரு சுவரப் பாத்ததில்ல. ஒரு நூல் நீலம் இல்லியே," என்றாள். காலையில் மூட்டிய சூடுதான் காட்டுகிறது என்று அவளுக்குத் தோன்றவில்லையா, தோன்றியும் என்னை ஆழம் பார்த்தாளா, இன்னும் விளங்கவில்லை. எனக்கோ நெஞ்சு கதவை அடைக்கும் அளவுக்கு விரிந்துவிட்டது. குளிர் புகாமலிருக்கச் சுவருக்குள் கண்ணாடிக் கம்பளி இரண்டு அடுக்கு அடைத்திருக்கிறேன், இந்த நாட்டில் ஜனாதிபதிக்குக்கூட இப்படி ஒரு சௌனா கிடையாது என்று அள்ளிவிட்டேன்.

பின்னாலிருந்து உன் அத்தையின் குரல் வந்தது, மிகவும் மெதுவாக. "ரெண்டு அடுக்கா? வீடு கட்டுன வருஷம் கம்பளி ஊரெல்லாம் தேடியும் பத்தலைன்னு சொன்னீங்களே."

நான் காதில் விழாதவன்போல் படுக்கையறைக்கு வழிகாட்டினேன். ரீக்கா கேமராவைத் தூக்கினாள். ஹில்க்கா பக்கத்துச் சுவரில் பன்னிரண்டு மஞ்சள் உருண்டைகள், வரிசையாக, ஊர்வலத்துக்கு நின்றதுபோல. ரீக்காவின் முகம் வெளுத்துவிட்டது. சுவருக்குள்ளே மின்கம்பி எரிகிறது, முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள், தீயணைப்புக்குச் சொல்லிச் சுவரை உடைத்துப் பார்க்க வேண்டும் என்று கைப்பேசியை எடுத்துவிட்டாள். கோடரியோடு பத்துப் பேர் என் வீட்டுக்குள் நுழைவதைக் கற்பனை செய்து பார். உன் அத்தை கீழே கிடந்த காலுறை ஒன்றை எடுத்து மோந்து பார்த்தாள். வேறு வழியில்லை, கல் விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

யாரும் சிரிக்கவில்லை. சுவர் ஆறட்டும் என்று காப்பி குடித்தோம், பன் தின்றோம். முக்கால் மணி கழித்து மறுபடி பார்த்தபோது மஞ்சள் போய் நீலம் வந்திருந்தது. சுவர் முழுக்க அல்ல. தலையணையிலிருந்து கால்மாடு வரை, ஹில்க்கா நீளம், ஹில்க்கா உயரம், அளவெடுத்துத் தைத்ததுபோல. ரீக்கா அதில் விரலை வைத்து, "இங்க உள்ள ஒண்ணுமே இல்லம்மா. வெறும் காத்து," என்றாள்.

அவள் போனபின் உன் அத்தை கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சொன்னாள்: "நான் எதையும் முடிவு பண்ணலீங்க. நாளையிலேந்து ஏழு ராத்திரி நீங்க என் பக்கம் படுங்க, நான் உங்க பக்கம் படுக்கறேன். அப்புறம் விக்கலாமா வேணாமான்னு நீங்களே சொல்லுங்க."

இப்போது நியாயத்தைச் சொல். நிறங்களைத் தேர்ந்தெடுப்பது கேமராவுக்குள் இருக்கும் கணினி. அது யாரிடம் கைக்கூலி வாங்கியதென்று யார் கண்டது? அந்த நீலம் ரீக்காவின் கைவேலையாகவும் இருக்கலாம். அப்படியே கம்பளி இல்லையென்றாலும் குற்றம் உன் அப்பாவுடையது. எழுபத்தொன்பதில் எல்லாரையும்போல் சௌனாவை முதலில் கட்டி, வீடு முடியும்வரை அதிலேயே குடியிருந்தோம். கம்பளியை அதில் இரண்டு அடுக்காக அடைத்துத் தீர்த்தவர் தௌனோதான். ஆகவே நீ உடனே உன் அத்தைக்கு ஒரு கடிதம் எழுது. அந்தச் சுவரை நானே கையால் அடைத்தேன் என்று அப்பா சாகும்போது சொன்னார் என்று எழுது. காலியான வீட்டுக்கு ஆள் வந்துவிட்டதென்றும் எழுது. ஏழு இரவென்ன, எழுநூறு இரவும் அங்கே சட்டையில்லாமல் படுத்து, இந்தச் சுவரில் ஒரு குறையுமில்லை என்று நிரூபிக்கிறேன்.

உன் பிள்ளைகள் பைன் மரம்போல் நெடுநெடுவென்று வளரட்டும். உன் மனைவிக்கு என் அன்பு. உன்மேல் சந்தேகம் இருந்தாலும் ஆசீர்வாதத்தில் குறை வைக்கவில்லை.

இப்படிக்கு,
ஆணி அடித்த கை நடுங்காத உன் மாமா,
என்ஸியோ.

பின்குறிப்பு: திங்கள், காலை ஒன்பதரை. தபால் வண்டி வருவதற்குள் இதைச் சேர்க்கிறேன். உன் அத்தைக்கு எதுவும் எழுதாதே. தௌனோ வேண்டாம் என்றுதான் சொன்னார். படுக்கையறைக்கு வைத்திருந்த கம்பளிக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டுபோய் சௌனாவில் திணித்தவன் நான். நேற்றிரவு அவள் இடத்தில் படுத்தேன். சட்டை, கோட்டு, தொப்பி எல்லாம் போட்டும் ஒரு மணி நேரம்கூடக் கண் மூட முடியவில்லை. ஆறு மணிக்கு எழுந்துவிடுகிறவள், என் பக்கத்தில் கையும் காலும் பரப்பி இன்னும் தூங்குகிறாள். இத்தனை வருஷத்தில் இவள் இப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. இரண்டாம் தளத்து வீட்டை யாருக்கும் கொடுக்க வேண்டாமென்று சொல்லி வை. போவதா, சுவரைப் பிரித்து அடைப்பதா என்று எழுந்ததும் அவளையே கேட்கப்போகிறேன். எழுப்பத்தான் மனம் வரவில்லை.