அப்பாவின் மூளைப் படமும் உங்கள் வலது கையும்

மரியாதைக்குரிய சித்தப்பாவுக்கு,

உங்கள் அண்ணன் மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் நலமா இல்லையா என்பதே உங்கள் வலது கையைப் பொறுத்து இருப்பதால் அந்த வரியை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன். சித்தி சௌக்கியம்தானே? உங்கள் எண்ணை அப்பா எங்கள் எல்லோருடைய போனிலிருந்தும் அழித்துவிட்டார். முகவரி மட்டும் அம்மாவுக்கு மனப்பாடம்.

அப்பாவுக்கு ஒரு வருடமாகக் கை நடுங்குகிறது. கூடவே தலையும், யாரோ எதையோ கேட்டு இவர் வேண்டாம் என்பதுபோல, மெல்ல இடவலமாக ஆடுகிறது. சாப்பிடக் கூப்பிட்டால் தலை வேண்டாம் என்கிறது, ஆள் வந்து மூன்று முறை வாங்கிச் சாப்பிடுகிறார். நரம்பு டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனோம். நடக்கச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார், பிறகு, "இது ரெண்டுல ஒண்ணா இருக்கலாம். மூளையில செல்லுங்க கொஞ்சம் கொஞ்சமா அழிஞ்சுக்கிட்டே போற பார்க்கின்சன். இல்லேன்னா குடும்பத்துல வழிவழியா வர்ற வெறும் நடுக்கம், அது தொல்லைதான், ஆனா ஆளைச் சாய்க்காது. உங்க கூடப் பிறந்தவங்க யாருக்காவது கை நடுங்குமா?" என்று கேட்டார். அப்பா, "எனக்குக் கூடப் பிறந்தவங்களே இல்ல" என்றார். தலையும் அதற்கு ஒத்து ஊதியது. அம்மா என்னைப் பார்த்தாள், நான் சுவரைப் பார்த்தேன். நாற்பத்தாறு வயதிலும் அப்பா முறைத்தால் எனக்கு வாய் ஒட்டிக்கொள்கிறது. உங்களை இல்லாமல் ஆக்கியதற்கு மன்னியுங்கள்.

"அப்போ ஸ்கேன் பார்த்துடலாம்" என்றார் டாக்டரம்மா. கையில் ஊசி போட்டு, அந்த மருந்து மூளைக்குப் போய்ச் சேரும்வரை மணிக்கணக்காக உட்கார வைத்து, பிறகு படம் எடுப்பார்களாம். எல்லாம் சரியாக இருந்தால் நடுவில் இரண்டு கால்புள்ளிகள்போல வெளிச்சம் தெரியுமாம். பார்க்கின்சன் என்றால் வால் மங்கிப்போய் வெறும் புள்ளிகளாக நிற்குமாம். அசையாமல் படுக்க வேண்டும் என்றதும் அப்பா பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி ஆரம்பித்துவிட்டார். சாப்பாட்டு மேசைமேல் படுத்து, தலையில் மிக்சி வந்த அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துக்கொண்டு ஒரு வாரம் பயிற்சி. நாங்கள் மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டோம். ஸ்கேன் அன்றைக்கும் நன்றாகத்தான் படுத்தார். தலையைப் பட்டையால் கட்டிய ஸ்கேன் எடுக்கும் பெண், பாவம், பேச்சுக்கொடுத்துத் தைரியம் சொல்வதாக நினைத்து, "ஐயாவுக்கு அண்ணன் தம்பி இருக்காங்களா?" என்று கேட்டுத் தொலைத்தாள். "இல்லவே இல்ல!" என்று அப்பா பட்டையோடு எழுந்துவிட்டார். படத்தில் கால்புள்ளியும் இல்லை, புள்ளியும் இல்லை, மழையில் நனைந்த மை மாதிரி ஏதோ இருந்தது.

டாக்டரம்மா திட்டவில்லை. "அடுத்த வாரம் மறுபடி எடுப்போம். ஆனா படம் மட்டுமே தீர்ப்பு சொல்லாது, குடும்ப விவரமும் சேர்ந்தாத்தான் தெளிவாகும்" என்றார். அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது. சித்தப்பா ஒருவர் இருக்கிறார் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா ஆரம்பித்தார். "அவனுக்கு எங்கே நடுங்குச்சு? வேணும்னே தொட்டான்!" அந்த சதுரங்க ஆட்டம்தான். பதினெட்டு வருடத்துக்கு முன் உங்கள் கை ராணிமேல் பட்டது, தொட்ட காயை நகர்த்தியே ஆகணும் என்று அவர் நின்றார், நான் தொடலே, கை தானா ஆடிப் பட்டுடுச்சு என்று நீங்கள் பலகையைக் கவிழ்த்துவிட்டுப் போனீர்கள். நான் சொன்னேன்: "அப்பா, சித்தப்பா சொன்னது நிஜமா இருந்தா உங்களுக்குத்தானே நல்லது?" "நிஜமா இருந்தா அந்த ஆட்டத்துல நான் தோத்திருப்பேனே!" என்கிறார். அடுப்படியிலிருந்து அம்மா, "பாத்தியாடி, நோயாளியா இருந்தாலும் இருப்பாராம், தோத்தவரா இருக்க மாட்டாராம்" என்றாள். சிரித்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நானும் இப்போதெல்லாம் கண்ணாடி முன் கையை நீட்டிப் பார்த்துக்கொள்கிறேன்.

ஆகவே தயவுசெய்து எழுதுங்கள். அன்றைக்குக் கை உண்மையிலேயே ஆடியதா, இல்லை ராணியைக் காப்பாற்றச் சொன்ன சாக்கா? இப்போதும் ஆடுகிறதா? உதவுவதாக நினைத்துப் பொய் மட்டும் வேண்டாம். அப்பாவுக்கு இந்தக் கடிதம் தெரியாது. தெரியவும் கூடாது.

சித்திக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உங்கள் கை எப்படி இருந்தாலும் நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

அன்புடன்,
அண்ணன் மகள்

பி.கு.: இது உன் அண்ணன். கடிதம் மேசைமேல் இருந்தது, படித்தேன். இவள் எழுதியதில் எதையும் நம்பாதே. எனக்குக் கை நடுங்கவில்லை, எழுத்து கோணலாக இருப்பது பேனாவின் கோளாறு. நீ பதில் ஒன்றும் எழுதி அனுப்ப வேண்டாம். இன்று காலை நானே டாக்டரம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன்: தம்பி இருக்கிறான், அவன் கை ஆடும், ராணிமேல் படுவதற்கு முன்பே ஆடியதை என் கண்ணால் பார்த்தேன் என்று. அந்த அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம். ஆனாலும் பட்டது பட்டதுதான், நீ நகர்த்தியிருக்க வேண்டும். ஸ்கேனுக்கு ஊசி போட்டுவிட்டுச் சும்மா உட்கார வைக்கிறார்கள், நீ வந்தால் ஓர் ஆட்டம் போடலாம். நம் இரண்டு பேர் கையும் இருக்கிற இருப்பில் தொட்டதையெல்லாம் கணக்கில் எடுக்க முடியாது. காய் கொஞ்சம் கனமாக இருக்கிற பலகையாகப் பார்த்துக் கொண்டு வா.