அடுத்த கப்பலில் வரப்போகும் கோட்டு

நம் தீவில் முதலை உண்டு, அட்டை உண்டு, மரம் இழுக்கும் யானை உண்டு. இவற்றோடு இன்னொரு ஜீவனும் உண்டு. அதற்குப் பெயர் அடுத்த கப்பல்காரன். அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். மழையில் சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு கடைக்குள் வருவான், மாட்டியிருக்கும் கோட்டைத் தடவுவான், முகர்வான், நாலு குறை சொல்வான், அப்படியே நனைந்துகொண்டு திரும்பிப் போவான். வாங்க மாட்டான். நல்ல சரக்கெல்லாம் அடுத்த கப்பலில்தான் வருகிறது என்பது அவன் வேதம். அப்படியானால் இந்தக் கப்பலில் வந்தது? போன மாதம் அதைத்தான் அடுத்த கப்பல் சரக்கு என்று வாய் நிறையச் சொல்லிக்கொண்டிருந்தான். கப்பல் துறையில் இறங்கியதும் அதன் மதிப்பு போய்விட்டது.

உதுமான் பாயின் ஜவுளிக்கடைத் தாழ்வாரத்தில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்து, பதினைந்து வருஷமாக இந்த ஜாதியைப் பார்க்கிறேன். அதில் முதல் பரிசு புரோத்ராபூர் குருநாதனுக்கு.

குருநாதன் ஓர் ஆபீசில் பியூன். மெயின்லேண்டுக்குத் திரும்பிப் போன ஓவர்சியரிடம் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, தினமும் போர்ட் பிளேருக்கு ஓட்டி வருகிறவன். ஆபீஸ் முடிந்த பிறகு இரண்டு வருஷம் உட்கார்ந்து டைப் அடிக்கப் பழகியிருந்தான். வருஷத்துக்கு ஒரு முறை மெயின்லேண்டிலிருந்து கப்பலேறி ஓர் அதிகாரி வருவார், பரீட்சை வைப்பார். பாஸானால் குமாஸ்தா. இல்லாவிட்டால் இன்னொரு வருஷம் டீ கிளாஸ் தூக்க வேண்டும். அவன் பெண்டாட்டி விசாலாட்சிக்கு இதே கவலை. என்னிடம் வந்து புலம்புவாள்.

"செம்மண் ரோடு, பெரியம்மா. மழை பெஞ்சா சோப்பு மாதிரி வழுக்குது. விழுந்தா கை போச்சு, கை போனா பரீட்சை போச்சு. ஒரு கனத்த கோட்டு எடுத்துக்கச் சொல்லுங்க."

சொன்னதோடு நிற்கவில்லை அவள். கோட்டு மாட்ட வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஆணியும் அடித்து வைத்துவிட்டாள். பாவம், நம்பிக்கைக்காரி.

குருநாதன் வந்தான். வந்தான் என்றால், ஒரு நாளா, இரண்டு நாளா? மே மாதம் மழை பிடித்ததிலிருந்து சனிக்கிழமை தவறாமல் வந்தான். கோட்டை மாட்டிக்கொண்டு துணி மூட்டை மேல் காலை அகட்டி உட்கார்ந்து, இரண்டு கையையும் ஹாண்டில் பிடிப்பதுபோல் நீட்டி, வாயால் 'டுர்ர்ர்' என்று சத்தம் விட்டு, வளைவில் திரும்புவதுபோல் இப்படியும் அப்படியும் சாய்ந்து, கோட்டுக் கை மணிக்கட்டு வரை வருகிறதா என்று பார்ப்பான். என் செம்பை வாங்கித் துணியில் தண்ணீர் ஊற்றுவான். ஒரு நூலைப் பிய்த்துத் தீக்குச்சியில் கொளுத்துவான். என் புருஷன், புண்ணியவான், என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட இதில் பாதி சோதனை செய்யவில்லை.

"பாய், இது சுத்த கேன்வாஸா?"

"சுத்த கேன்வாஸ், தம்பி. முழங்கையில ரெட்டைத் துணி. பெரியம்மா நாலு வரி தையல் போட்டிருக்காங்க."

"கனமா இருக்கே."

"அப்போ அந்த நைலான் பாருங்க."

"லேசா இருக்கே! விழுந்தா தாங்குமா?"

"தோல்ல ஒண்ணு இருக்கு."

"இந்த மழைக்குத் தோலா? மூணு மாசத்துல பூஞ்சை பூத்துரும், பாய். எனக்குத் தோல் மாதிரி தாங்கணும், மல்லுத் துணி மாதிரி காத்து வரணும், தண்ணி உள்ள போகக் கூடாது. வெலை மட்டும் துணி வெலையா இருக்கணும்."

"அரே தம்பி, அப்படி ஒண்ணு பொறந்ததுலேருந்து உங்க உடம்பு மேலயே இருக்கு. அதைக் காப்பாத்தத்தான் நான் இதை விக்கிறேன்."

"டீக் ஹை, டீக் ஹை. அக்லா ஜஹாஜ்ல, அடுத்த கப்பல்ல, என்ன வருதுன்னு பாப்போம்."

இதில் வயிற்றெரிச்சல் என்ன தெரியுமா? அவன் சொல்வதெல்லாம் சரி! நின்றுகொண்டு போட்டுப் பார்க்காதே, வண்டியில் உட்கார்வதுபோல் உட்கார்ந்து பார். ஜிப்புக்குப் பின்னால் ஒரு பட்டை இல்லாவிட்டால் நெஞ்சில் தண்ணீர் இறங்கும். காலர் காற்றில் படபடக்கக் கூடாது. தினம் போட்டுக்கொள்ளத் துணிக் கோட்டே போதும், முழங்கையும் தோளும் இரட்டையாக இருந்தால் சரி. பெட்ரோல் போட நிற்கிறவனை எல்லாம் பிடித்து இதை ஓதுவான். ரொட்டி விற்கும் துரைசாமி அப்படி ஒரு நாள் அகப்பட்டான். நேரே கடைக்கு வந்தான், மூட்டை மேல் உட்கார்ந்து கை நீட்டிப் பார்த்தான், நான் வெற்றிலை மடிப்பதற்குள் அந்த கேன்வாஸ் கோட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

மறு சனிக்கிழமை குருநாதன் காலி ஹாங்கரைப் பார்த்தான்.

"அதை யாரோ ஏமாந்தவன் எடுத்துட்டானா?"

"உன் பேச்சைக் கேட்டவன்தான் எடுத்தான்" என்றேன். "டேய், திங்கக்கிழமை பரீட்சை. ரெண்டு நாளைக்காவது இந்த நைலானைப் போட்டுக்கிட்டுப் போடா."

"ரெண்டு நாளைக்குன்னு எவனாவது கோட்டு வாங்குவானா, பெரியம்மா? அந்த ஆபீசர் வர்ற கப்பல்லயே புது சரக்கு வருதாம்."

ஞாயிற்றுக்கிழமை கப்பல் வந்தது. அதிகாரியும் வந்தார், சரக்கும் வந்தது. சரக்கு மூட்டை பிரிப்பதைப் பார்க்க மற்றவர்களுக்கு முன்னால் வண்டியை விரட்டிவந்த குருநாதன், அரைக்கை சட்டையோடு, மரைன் ஹில் இறக்கத்தில் சறுக்கி விழுந்தான். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் ரோட்டோடு போயிற்று. பின்னால் வந்த துரைசாமிதான் தூக்கினான். கொட்டுகிற மழையில் தன் கோட்டைக் கழற்றி அவனுக்கு மாட்டிவிட்டு, ஆஸ்பத்திரியில் சேர்த்தான். வழியில் குருநாதன் பேசியது ஒரே வார்த்தையாம்.

"அக்குள்ல பிடிக்குதே."

திங்கட்கிழமை கையை மடக்க முடியாமல் கட்டுப் போட்டுக் கிடந்தான். பரீட்சை முடிந்தது. அதிகாரி கப்பலேறினார். நான் அவன் வீட்டுக்குப் பார்க்கப் போனபோது விசாலாட்சி சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். இவன் மட்டும் தெளிவாக இருந்தான்.

"பெரியம்மா, ஒரு விதத்துல நல்லதாப் போச்சு. அந்த கேன்வாஸை வாங்கியிருந்தேன்னு வைங்க, முழங்கை கிழிஞ்சு நாசமாப் போயிருக்கும்."

"ஆமாண்டா, தோல் இலவசம். பரீட்சை?"

"ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. அந்த ஆபீசர் அடுத்த வருஷக் கப்பல்ல வருவாராம்."

விசாலாட்சி எழுந்தாள். சுத்தியலை எடுத்து வந்தாள். ஒரு நிமிஷம் எனக்கே பயமாகிவிட்டது. அவள் எங்களைப் பார்க்காமல் நேரே வாசலுக்குப் போய், அந்த ஆணியைப் பிடுங்கித் தெருவில் எறிந்தாள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். சிரித்து முடித்ததும் எழுந்துபோய் உங்கள் வீட்டுச் சுவரை ஒரு சுற்றுப் பாருங்கள். எத்தனை ஆணி வெறுமையாக நிற்கிறது என்று எனக்குச் சொல்ல வேண்டாம். அதை அடித்தவளிடம், சுத்தியல் எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.